ஓடுபவர்கள் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஓடத் தொடங்கியவர்கள், 10 கிலோமீட்டரைத் தாண்டி அரை மாரத்தானுக்குப் போகிறவர்கள், முழு மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டைப் பற்றி ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பலரும் எந்த உணவில் என்ன சத்து என்று தேடித் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் ஓடுகிற அளவுக்குச் சாப்பிடுகிறோமா என்று பார்ப்பதில்லை. என் கவலையெல்லாம் அதில்தான், பதில்களிலும் அது அடிக்கடி தலைகாட்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இங்குள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஓடும்போது உடல் எதை எரிக்கிறது?

மாவுச்சத்தையும் கொழுப்பையும் சேர்த்தே எரிக்கிறது. மெதுவாக ஓடினால் கொழுப்பின் பங்கு அதிகம், வேகம் கூடக் கூட மாவுச்சத்தின் பங்கு ஏறும். ஒல்லியான ஆளின் உடம்பில்கூடப் பல்லாயிரம் கலோரி கொழுப்பு இருக்கிறது, அது தீர்ந்துபோகும் என்ற பேச்சே இல்லை. மாவுச்சத்தின் கதை வேறு. உடல் அதைக் கிளைகோஜன் என்ற வடிவத்தில் தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராமும், கல்லீரலில் 100 கிராமுக்குள்ளும்தான் சேமிக்க முடியும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 கலோரி. ஓடுபவரின் உணவுத் திட்டம் முழுக்க இந்தச் சின்னச் சேமிப்பை எப்படி நிரப்புவது, எப்படித் தீராமல் பார்த்துக்கொள்வது என்பதைச் சுற்றித்தான் வருகிறது.

30 கிலோமீட்டர் தாண்டியதும் திடீரென்று கால் நகர மறுக்கிறதே, ஏன்?

ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 42.2 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 2,500 கலோரி. கொழுப்பு ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டாலும், பந்தய வேகத்தில் கிளைகோஜன்தான் பெரும் சுமையைத் தூக்குகிறது. 30 கிலோமீட்டர் வாக்கில் அது அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. கல்லீரலில் இருப்பதும் கரைந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கும், மூளைக்கும் சோர்வு தட்டும். கால் மட்டுமில்லாமல் மனமும் "போதும், நில்" என்று சொல்வது அதனால்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1924 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தபோது, தள்ளாடி வந்து சேர்ந்தவர்களுக்குச் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் சிலரை முந்தைய நாள் மாவுச்சத்தைக் கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி, ஓடும்போது மிட்டாயும் கொடுத்தார்கள். அவர்கள் நல்ல நிலையில் ஓடி முடித்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியும் இன்னமும் பலர் வெறும் தண்ணீரை மட்டும் நம்பி மாரத்தான் ஓடக் கிளம்புகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

தினமும் எவ்வளவு மாவுச்சத்து வேண்டும்?

ஓடுகிற அளவைப் பொறுத்தது. லேசான பயிற்சி நாட்களில் உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 கிராம். தினமும் ஒரு மணி நேரம் ஓடுபவர்களுக்கு 5 முதல் 7 கிராம். ஒரு மணிக்கு மேல் மூன்று மணி வரை பயிற்சி செய்பவர்களுக்கு 6 முதல் 10 கிராம். விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் பொதுவாகச் சொல்லும் அளவுகள் இவை.

60 கிலோ எடையுள்ள ஒருவர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 300 முதல் 420 கிராம். அதைச் சாப்பாடாக மாற்றிப் பார்த்தால்தான் எவ்வளவு என்பது புரியும். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து, நடுத்தர உருளைக்கிழங்கில் 30, வாழைப்பழத்தில் 25, இரண்டு துண்டு ரொட்டியில் 25 முதல் 30, வேகவைத்த பருப்பு ஒரு கப்பில் 40, ஒரு டம்ளர் பாலில் 12. மூன்று கப் சோறு, இரண்டு உருளைக்கிழங்கு, இரண்டு வாழைப்பழம், நான்கு துண்டு ரொட்டி, ஒரு கப் பருப்பு, இரண்டு டம்ளர் பால் என்று ஒரு நாளில் சாப்பிட்டால் 360 கிராமை ஒட்டி வரும். "இவ்வளவா!" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அப்படிக் கேட்பவர்கள் தங்கள் சாப்பாட்டை மூன்று நாள் எழுதிவைத்துப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் 200 கிராமைச் சுற்றித்தான் நிற்கும்.

எல்லாவற்றையும் முழுதானியமாகத்தான் சாப்பிட வேண்டும் என்றும் இல்லை. சாதாரண வேளைகளில் ஓட்ஸ், தீட்டாத அரிசி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பயறு வகைகள் நல்லவை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வெள்ளை அரிசியும் வெள்ளை ரொட்டியும்தான் வயிற்றுக்கு எளிது.

சோறும் ரொட்டியும் நிறையச் சாப்பிட்டால் எடை ஏறாதா?

தராசு கொஞ்சம் ஏறும், அது கொழுப்பு இல்லை. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குகிறது. சேமிப்பு நிரம்பினால் ஒரு கிலோ, சில சமயம் அதற்கும் மேல் எடை கூடும். நீண்ட ஓட்டத்தில் அது அப்படியே கரைந்துவிடும். மாவுச்சத்தை நிறுத்தியதும் முதல் வாரத்திலேயே "இரண்டு கிலோ குறைந்தது" என்று மகிழ்கிறவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்தத் தண்ணீரையும் ஓடுவதற்கான எரிபொருளையும்தான்.

காலையில் வெறும் வயிற்றில் ஓடலாமா?

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் மெதுவான ஓட்டம் என்றால் தாராளமாக ஓடலாம். இரவு தூங்கும்போது கல்லீரலின் கிளைகோஜன்தான் கரைகிறது. தசையில் இருப்பது பெருமளவு அப்படியே இருக்கும். முந்தைய இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேகப் பயிற்சிக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் வெறும் வயிற்றில் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. கொழுப்பை எரிக்க உடலைப் பழக்குவதாகச் சொல்கிறார்கள். உடல் அதற்குப் பழகுவதும் உண்மை. ஆனால் பயிற்சியின் தரம் குறைந்தால் அந்த ஆதாயம் எங்கே போனது என்றே தெரியாது. தலைசுற்றலுக்கு ஆளாகிறவர்களும், மாதவிடாய் தவறுகிறவர்களும், திரும்பத் திரும்பக் காயம் படுகிறவர்களும் இதை விட்டுவிடலாம்.

ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடலாம்?

எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஓட்டத்துக்கு 1 முதல் 4 மணி நேரம் முன்பு, கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. நேரம் எத்தனை மணியோ கிலோவுக்கு அத்தனை கிராம் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. மூன்று மணி நேரம் இருந்தால் சோறு, முட்டை, கொஞ்சம் தயிர் என்று முழுச் சாப்பாடே சாப்பிடலாம். ஒரு மணி நேரம்தான் இருக்கிறதா? ஒரு வாழைப்பழமும், தேன் தடவிய இரண்டு துண்டு ரொட்டியும் போதும். பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்றால் இரண்டு மூன்று பேரீச்சம்பழம்.

எண்ணெயில் பொரித்தது, நார்ச்சத்து நிறைந்தது, காரம் இவையெல்லாம் இந்த வேளையில் வேண்டாம். கொழுப்பும் நார்ச்சத்தும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். நல்ல உணவுதான், ஆனால் நேரம் இதுவல்ல.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சாப்பிட வேண்டுமா?

முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தால் தேவையில்லை. ஒரு மணி முதல் இரண்டரை மணி வரை ஓடுபவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உதவும். அதற்கு மேல் நீண்டால் மணிக்கு 90 கிராம் வரை போகலாம்.

இந்த 60, 90 என்ற எண்கள் குடலின் அமைப்பிலிருந்து வந்தவை. குளுக்கோஸைக் குடலிலிருந்து ரத்தத்துக்குக் கடத்தும் புரதம் மணிக்குச் சுமார் 60 கிராமோடு திணறிவிடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறொரு வழி இருக்கிறது. இரண்டையும் கலந்து கொடுத்தால் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், 90 கிராம் வரை ஏற்கும். ஓடும்போது பாக்கெட்டிலிருந்து பிழிந்து விழுங்கும் இனிப்புக் கூழைத்தான் ஜெல் என்கிறார்கள். நல்ல ஜெல்களில் இரண்டும் கலந்திருப்பது இதனால்தான். முன்னணி வீரர்கள் இப்போது இதையும் தாண்டிப் போகிறார்கள். மாதக்கணக்கில் குடலைப் பழக்கிய பிறகே அது முடியும், பார்த்துவிட்டு உடனே முயல வேண்டாம்.

ஒரு வியப்பான விஷயமும் உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடிக்கும் கடுமையான முயற்சியில், இனிப்பான மாவுச்சத்துக் கரைசலை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாலே செயல்திறன் சற்று கூடுவதைச் சைக்கிள் வீரர்களிடம் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. வாயிலுள்ள உணர்விகள் மூளைக்கு "எரிபொருள் வருகிறது" என்று செய்தி அனுப்புவதாக விளக்குகிறார்கள். வயிறு ஒத்துழைக்காத நாளில் இது கைகொடுக்கும்.

ஜெல்தான் வாங்க வேண்டுமா? சாதாரண உணவு போதாதா?

போதும். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்ற ஃபிராங்க் ஷார்ட்டர் வழியில் குடித்தது வாயு நீக்கிய கோலா. இன்றும் பேரீச்சம்பழம், வாழைப்பழம், உப்புத் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, உலர்திராட்சை, தேன் எல்லாம் அதே வேலையைச் செய்யும். சைக்கிள் வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் உருளைக்கிழங்கு மசியல் ஜெல்லுக்குச் சமமாகவே உதவியது, ஆனால் வயிற்று உப்பல் சற்று அதிகமாக இருந்தது.

ஜெல்லின் அருமை வசதியில்தான் இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் 20 முதல் 25 கிராம் என்று அளவு தெரியும், மென்று விழுங்க வேண்டியதில்லை, பையில் அடங்கும். மூச்சு வாங்க ஓடும்போது வாழைப்பழத்தை மெல்வது எல்லாருக்கும் முடிகிற காரியமல்ல. நீண்ட மெதுவான ஓட்டங்களில் சாதாரண உணவு, பந்தயத்தில் ஜெல் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. ஜெல் எடுத்தால் கூடவே தண்ணீர் குடியுங்கள்.

ஓடும்போது வயிறு கலக்குகிறது, பாதியில் கழிப்பறை தேட வேண்டியிருக்கிறது. என்ன செய்ய?

ஓடும்போது ரத்தம் குடலை விட்டுத் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுகிறது. போதாக்குறைக்குக் குலுக்கல் வேறு. சைக்கிள் ஓட்டுபவர்களைவிட ஓட்டக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். வெயிலும் நீர்ப்பற்றாக்குறையும் இதை மோசமாக்கும்.

முதலில், பந்தயத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு நாட்களில் பயறு, முட்டைகோஸ், வெங்காயம், தோலோடு தின்னும் பழங்கள் ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஓட்டத்துக்கு முன் அதையும் தவிர்க்கலாம். சர்க்கரைக்குப் பதிலாகச் சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டிகள் சேர்த்த மிட்டாய்களும் வயிற்றைக் கலக்கும். வீக்கத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடுவது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல், அந்தப் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

அப்புறம், குடலும் பயிற்சிக்குப் பழகும் உறுப்புதான். வாரத்தில் ஒரு நாள் நீண்ட ஓட்டத்தில், பந்தயத்தில் எடுக்கப்போகும் அதே பொருளை மணிக்கு 30 கிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சில வாரங்களில் மாற்றம் தெரியும். பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

ஓடி முடித்து அரை மணி நேரத்துக்குள் சாப்பிடாவிட்டால் எல்லாம் வீணா?

வீண் ஆகாது. அடுத்த பயிற்சி எப்போது என்பதுதான் இங்கே கேள்வி. எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும் என்றால் அவசரம் உண்டு. முதல் நான்கு மணி நேரம், மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்தைச் சிறு சிறு வேளைகளாகச் சாப்பிட வேண்டும். நாளை காலைதான் ஓட்டம் என்றால் பதற வேண்டாம். 24 மணி நேரத்தின் மொத்த அளவு சரியாக இருந்தாலே கிளைகோஜன் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

ஆனாலும் ஓடி வந்ததும் ஏதாவது சாப்பிடச் சொல்வேன். காரணம் எளிமையானது. கடும் ஓட்டத்துக்குப் பிறகு பசி அடங்கிப்போகும். அப்படியே குளித்து, வேலைக்குக் கிளம்பி, மதியம் வரை காபியில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த விட்டுப்போன வேளையை நாள் முழுக்க ஈடுகட்ட முடிவதில்லை. சோறும் பருப்பும், முட்டையும் ரொட்டியும், தயிரும் பழமும் ஓட்ஸும் என்று மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த எதுவும் நல்லது. மெல்லவே பிடிக்கவில்லையா, சாக்லேட் பால் குடியுங்கள். மாவுச்சத்து, புரதம், தண்ணீர், சோடியம் நான்கும் ஒரே டம்ளரில் கிடைக்கின்றன.

புரதம் எவ்வளவு வேண்டும்? சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

ஓடுபவர்களுக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். நான் 1.6ஐ இலக்காகச் சொல்வேன். 60 கிலோவுக்குச் சுமார் 95 கிராம். அதை ஒரே வேளையில் குவிக்காமல், மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை 20 முதல் 25 கிராமாகப் பிரித்தால் தசை அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் சமைத்த கோழிக்கறியில் சுமார் 30, மீனில் 20 முதல் 25. ஒரு கப் பருப்பில் 18, கொண்டைக்கடலையில் 14 அல்லது 15, ஒரு டம்ளர் பாலில் 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7. சைவர்களுக்கும் இது எட்டக்கூடிய இலக்குதான், ஆனால் தானாக நடந்துவிடாது. தட்டில் பருப்பின் பங்கைக் கூட்டி, தானியத்தின் ஓரமாகத் தொட்டுக்கொள்ளும் நிலையிலிருந்து அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொன்று தானியத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் சேர வேண்டியதில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். பால், முட்டை எதுவும் தொடாதவர்கள் டோஃபுவும் சோயாவும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு வைட்டமின் பி12 மாத்திரையும் அவசியம்.

புரதப் பொடி?

தேவையில்லை. சமைக்க நேரமில்லாதவர்களுக்கு வசதி, அவ்வளவே. போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுகிறவர்கள் தனிப்பட்ட ஆய்வகம் சோதித்துச் சான்று அளித்த பொடியைத்தான் வாங்க வேண்டும்.

மாரத்தானுக்கு முன் மாவுச்சத்தை ஏற்றுவது எப்படி?

1966இல் சுவீடனைச் சேர்ந்த ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் உடம்பிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஆளுக்கொரு காலால் மட்டும் களைக்கும் வரை மிதித்தார்கள். பிறகு சில நாட்கள் மாவுச்சத்து நிறைந்த உணவைச் சாப்பிட்டு, இரண்டு கால் தசையிலிருந்தும் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் மற்றக் காலில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியிருந்தது. உழைத்த தசைதான் கூடுதலாகச் சேமிக்கிறது என்று அப்போது தெளிவானது.

ஆரம்பகாலத்தில் முதலில் மாவுச்சத்தை அறவே குறைத்து, பிறகு ஏற்றும் கடினமான முறையைப் பின்பற்றினார்கள். இப்போது அது தேவையில்லை. பந்தயத்துக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரம், ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து. 60 கிலோவுக்கு 600 கிராமுக்கு மேல், சின்ன அளவு இல்லை. அதற்கு இடம் வேண்டுமானால் எண்ணெயையும் காய்கறியையும் அந்த இரண்டு நாள் குறைத்தாக வேண்டும். வெள்ளை அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழச்சாறு, தேன், ஜாம் என்று எளிதில் செரிப்பவை. முந்தைய இரவு ஒரே வேளையில் திணிப்பதால் தூக்கம்தான் கெடும். 90 நிமிடத்துக்குள் முடியும் பந்தயத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

தாகத்தைக் கேட்டுக் குடியுங்கள். அளவு தெரிய வேண்டும் என்றால், ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. மறுபடி சீக்கிரம் ஓட வேண்டியிருந்தால், அந்த இழப்புக்குச் சற்றுக் கூடுதலாக, கிலோவுக்கு 1.25 முதல் 1.5 லிட்டர் வரை, உப்புள்ள சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்து ஈடுகட்டலாம். வியர்வையில் லிட்டருக்கு எவ்வளவு சோடியம் என்பது ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். உடையில் வெள்ளைப் படலம் படிகிறவர்கள் நீண்ட ஓட்டத்தில் உப்புக் கலந்த பானத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

தேவைக்கு மேல் குடிப்பது ஆபத்து. இதைப் பலரும் நம்ப மறுக்கிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்த மாதிரி கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கு அந்த அபாயம் மிகுதி. குமட்டல், தலைவலி, குழப்பம், கைவிரல் வீக்கம் இவை தெரிந்தால் மேலும் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

தசைப்பிடிப்புக்கு வாழைப்பழம் உதவுமா?

வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம் பிடிப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஓட்டத்தின்போது வரும் பிடிப்பு பெரும்பாலும் களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையிலான கோளாறு. நின்று, தசையை மெதுவாக நீட்டுவதுதான் உடனடி வழி. வாழைப்பழத்தை மாவுச்சத்துக்காகச் சாப்பிடுங்கள், அதில் அது சிறந்தது.

காபி குடித்துவிட்டு ஓடலாமா?

ஓடலாம், உதவியும் செய்யும். கஃபீன் அளவுக்கு ஆதாரம் பலமாக உள்ள பொருட்கள் குறைவு. ஓட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு கிலோவுக்கு 3 மி.கி. போதும். 60 கிலோவுக்கு 180 மி.கி., அதாவது ஏறக்குறைய இரண்டு கப் காபி. அதைவிடக் குறைவாகவும் பலருக்கு வேலை செய்கிறது. கூட்டிக்கொண்டே போனால் படபடப்பும் வயிற்றுக் கலக்கமும்தான் மிஞ்சும். 2004 முதல் அது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இல்லை. மாலையில் ஓடுபவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும். குடித்ததில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பெறும் வேகம் நமக்கு வேண்டாம்.

பீட்ரூட் சாறு, புளிப்புச் செர்ரி போன்றவை?

பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட்டை வாயிலிருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. அதே வேகத்துக்கு ஆக்சிஜன் தேவை சற்றுக் குறைகிறது. ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். கிருமிநாசினி வாய்க்கழுவியால் கொப்பளித்தால் அந்த நுண்ணுயிர்கள் அழிந்து பலன் போய்விடும். பலன் பொதுமக்களிடம் ஓரளவு தெரிகிறது, உச்சநிலை வீரர்களிடம் மிகக் குறைவு. சிறுநீர் இளஞ்சிவப்பாக வந்தால் பயப்பட வேண்டாம்.

புளிப்புச் செர்ரிச் சாறு கடும் பந்தயத்துக்குப் பின் வலியைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பந்தய வாரத்தில் குடிக்கலாம். ஆனால் தினமும் வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை அதிக அளவில் போடுவதை நான் ஆதரிக்கவில்லை. ஓட்டம் தரும் அந்தச் சிறு அழுத்தத்தைப் பார்த்துத்தான் தசை தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. மாத்திரை அதை மழுங்கடிக்கலாம். பழமாகவும் காயாகவும் சாப்பிடும்போது அந்தக் கவலை இல்லை.

சரியாகத் தூங்கியும் சோர்வாகவே இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவா?

இருக்கலாம், குறிப்பாகப் பெண்களுக்கு. அமெரிக்கப் பரிந்துரைப்படி மாதவிடாய் உள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 18 மி.கி., ஆண்களுக்கு 8 மி.கி. ஓடுபவர்கள் வியர்வையிலும், குடலில் நடக்கும் நுண்ணிய கசிவிலும், பாதம் தரையில் மோதி உடையும் சிவப்பணுக்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறார்கள். ஓடி முடித்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. அதனால் இரும்பு நிறைந்த வேளையைக் காலையிலோ, ஓடி முடித்த உடனேயோ வைத்துக்கொள்வது நல்லது.

இறைச்சி, ஈரல், மீன் இவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும். பயறு, கீரை, எள் போன்றவற்றில் உள்ளதற்கு எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா, குடைமிளகாய் என்று வைட்டமின் சி துணை வேண்டும். தேநீரும் காபியும் சாப்பாட்டோடு சேர்ந்தால் தடையாகும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சோதித்த பிறகே அது. தேவையில்லாமல் சேரும் இரும்பு உடலுக்குக் கேடு.

எடை குறைக்கத்தான் ஓடுகிறேன். குறைவாகச் சாப்பிடலாம்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். குறைத்துச் சாப்பிட்டு நிறைய ஓடினால் தொடக்கத்தில் வேகம்கூடக் கூடும். பாராட்டும் வரும். உள்ளுக்குள் உடல் செலவைக் குறைக்கத் தொடங்கியிருக்கும். ஓட்டத்துக்குப் போக மிஞ்சும் ஆற்றல் போதாதபோது, உயிர் பிழைக்க உடனடியாகத் தேவையில்லாத வேலைகளை உடல் ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் தவறும், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டீரான் குறையும், எலும்பு மெலியும், நோய் எதிர்ப்பு தளரும், மனம் சிடுசிடுக்கும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குத் தனிப் பெயரே கொடுத்து அறிக்கை வெளியிட்டது. 2018லும் 2023லும் அதைப் புதுப்பித்தது. முன்பு பெண்களின் பிரச்சினையாக மட்டும் பார்த்ததை ஆண்களுக்கும் உரியதாக அது விரித்தது.

கொழுப்பை நீக்கிய உடல் எடையில் கிலோவுக்கு, ஓட்டத்தின் செலவைக் கழித்த பிறகு, நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போவது அபாயமான எல்லையாகப் பேசப்படுகிறது. கணக்கு போடக் கடினமாக இருந்தால் அறிகுறிகளைப் பாருங்கள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை, காலில் எலும்பு விரிசல் திரும்பத் திரும்ப வருகிறது, எப்போதும் குளிர்கிறது, இரவில் பசியால் விழிப்பு வருகிறது, எந்நேரமும் உணவைப் பற்றியே நினைப்பு ஓடுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். "நிறைய ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சகஜம்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

எடை குறைத்தே ஆக வேண்டும் என்றால், பந்தயத்துக்கு வெகுமுன்பு, பயிற்சி லேசாக இருக்கும் மாதங்களில், நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரிக்குள் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல் செய்யுங்கள். ஓட்டத்தைச் சுற்றியுள்ள வேளைகளில் கை வைக்க வேண்டாம். வளரும் பிள்ளைகளும் பதின்ம வயதினரும் இதைத் தாங்களாக முயலவே கூடாது.

எலும்புக்கு என்ன சாப்பிடுவது?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மி.கி. கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் 300 மி.கி. வரை கிடைக்கும். தயிர், பாலாடைக்கட்டி, முள்ளோடு தின்னும் சிறு மீன்கள், கால்சியம் சேர்த்த டோஃபு எல்லாம் உதவும். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதை உடலில் சேர விடாது, கால்சியத்துக்கு அந்தக் கீரையை நம்ப வேண்டாம். வெயில் படாமல் வேலை செய்பவர்கள் வைட்டமின் டி அளவைச் சோதித்துக்கொள்ளலாம்.

பந்தயம் முடிந்ததும் மது அருந்துவது மீட்சியைக் கெடுக்குமா?

ஆம். தசை புதிய புரதத்தைக் கட்டும் வேகத்தைக் குறைக்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது, சாப்பாட்டையும் மறக்கடிக்கிறது.

ஓய்வு நாளிலும் காயம் பட்டிருக்கும்போதும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா?

ஓய்வு நாளில் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் தவறில்லை, ஆனால் நேற்றைய நீண்ட ஓட்டத்தின் பழுதுபார்ப்பு இன்றுதான் நடக்கிறது. பசித்தால் சாப்பிடுங்கள். சிலருக்கு நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள்தான் அகோரப் பசி எடுக்கும், அது இயல்பு.

காயத்தின்போது பலரும் பயந்து தட்டைப் பாதியாக்குகிறார்கள். எலும்பும் தசைநாரும் ஒட்ட ஆற்றல் வேண்டும், ஊன்றுகோலோடு நடப்பது சாதாரண நடையைவிட அதிகச் செலவு பிடிக்கும் வேலை. ஓட்டத்துக்கு முன்னும் நடுவிலும் சாப்பிட்ட இனிப்புகளையும் ஜெல்களையும் நிறுத்துங்கள், மூன்று வேளைச் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அசையாத காலில் தசை வேகமாகக் கரைவதால் புரதத்தைக் கிலோவுக்கு 1.6 முதல் 2 கிராம் வரை வைத்துக்கொண்டு, தூங்கப் போகுமுன் ஒரு டம்ளர் பாலோ ஒரு கிண்ணம் தயிரோ சேர்த்துக்கொள்ளுங்கள்.